கேம்பிரிட்ஜை இடையில் விட்டு வந்த அஸீஸும் அவர் தொடங்கிய நிதியமும்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதம் நெருங்கும்போது மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் வரத் தொடங்கும். முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி, ஸாஹிராக் கல்லூரி அதிபர், செனட்டர், நூலாசிரியர் என்று பதவிகள் வரிசையாக அடுக்கப்படும். வருடாவருடம் வாசிப்பதால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கே அந்தப் பட்டியல் மனப்பாடம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. கட்டுரைகளில் அது ஒரு வரியோடு முடிந்துவிடும். பட்டப்பின் படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போய், ஒரு தவணையோடு திரும்பி வந்தது. எங்கள் வீடுகளில் படித்த பிள்ளைகளைச் சுற்றி இன்று நடக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. ஊரில் மதிப்புள்ள குடும்பம். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவச் சூழலில் நடந்த பாடசாலைகளில் ஒரு சோனகப் பிள்ளை நல்ல தமிழ் கற்று வெளியே வந்தது. பிற்காலத்தில் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ் என்று அவர் எந்த மேடையிலும் தயங்காமல் சொன்னதற்கு விதை அங்கே விழுந்தது.

1929இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்தான் பிறந்தது. அதற்கு முன்னர் இருந்தது இந்தக் கல்லூரி. பரீட்சையும் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகத்துடையவை. அங்கே அன்று முஸ்லிம் மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இலவசக் கல்வி வந்திராத காலம் அது. கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம் எல்லாம் பெற்றோர் பையிலிருந்துதான். கையில் காசிருந்த எங்கள் குடும்பங்கள் பிள்ளையைக் கடையில் உட்கார வைப்பதையே பாதுகாப்பான வழியாகக் கண்டன. காசில்லாத குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அஸீஸ் 1933இல் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றார்.

அடுத்தது பட்டப்பின் படிப்பு. அந்த நாளில் அதற்குச் சீமைக்குப் போக வேண்டும். கப்பல் பயணமும் அங்கே வருடக்கணக்கில் தங்கும் செலவும் ஒரு சட்டத்தரணியின் வீட்டுக்கே பெரிய பாரம். திறமையாகச் சித்தியடைந்த மிகச் சிலருக்கு அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைக்கும். அஸீஸுக்கு அது கிடைத்தது. 1934இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென்ற் கத்தரின்ஸ் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். அப்போது வயது 23.

அதே காலத்தில் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தப் பதவியின் எடை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. பிரித்தானியர் ஆண்ட நாட்டில் மாவட்டங்களையும் திணைக்களங்களையும் நடத்திய சிறு கூட்டம் அது. சம்பளம், ஓய்வூதியம், மரியாதை மூன்றும் சேர்ந்து வரும். அதுவரை ஒரு முஸ்லிம்கூட அதற்குள் போனதில்லை. ஒரு பக்கம் முழுச் செலவும் கொடுத்து நடக்கும் கேம்பிரிட்ஜ் படிப்பு, மறுபக்கம் அந்த வாசல். அஸீஸ் ஒரு தவணை படித்துவிட்டுத் திரும்பி வந்து 1935இல் சிவில் சேவையில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பட்டம் அத்தோடு நின்றது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இந்தக் கதையை எடுத்துச் சொல்வதுண்டு. அஸீஸே படிப்பை விட்டுவிட்டு உத்தியோகத்துக்குத்தானே வந்தார், நீ எதற்கு மேலே மேலே படிக்க அலைகிறாய் என்பார்கள். கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். அவருடைய மீதி வாழ்க்கையைப் பார்த்தால் அந்த நியாயம் நிற்காது. பார்ப்போம்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அவசரமாக ஒரு உதவி அரசாங்க அதிபர் அலுவலகம் திறக்கப்பட்டது. அஸீஸ் அதற்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். வந்த வேலை நெல்லும் காணியும். அதோடு அவர் அங்கே கண்டது வேறொன்று. கிழக்கின் முஸ்லிம் கிராமங்களில் மூளையுள்ள பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு, எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே வருடம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அரசாங்க அதிகாரி ஒருவர் மாலை நேரத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து, பிள்ளைகளின் படிப்புக்குக் காசு கேட்கும் காட்சி அன்றைக்குப் புதிது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான். விபுலாநந்தர் பற்றி இங்கே சில வரி எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நானும் ஆசிரியர் கலாசாலையில் படித்து வந்தவள் என்பதுதான் காரணம். துறவியாவதற்கு முன் மயில்வாகனம் என்ற பெயரில் அவர் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்து 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியே வந்தார். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்ததில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்தார். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணிப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். படிப்படியாக ஏறிய பாதை அது. அஸீஸின் பாதை வேறு, இவருடையது வேறு. இந்த இருவரும் கிழக்கு மாகாணத்தில் உட்கார்ந்து தமிழையும் கல்வியையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே ஒரு சந்தோஷம் வருகிறது.

கல்முனையில் தொடங்கியது 1945இல் நாடளாவியதாக மாறியது. அஸீஸ் முன்னின்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை நிறுவினார். திறமை இருந்தும் காசில்லாமல் உயர்கல்வியைத் தொடர முடியாத முஸ்லிம் பிள்ளைகளுக்கு உதவுவது அதன் வேலை. செலவு முழுவதும் தரப்பட்டு ஒருமுறை சீமைக்குப் போய், படிப்பை முடிக்காமல் வந்தவர், பத்து வருடம் கழித்து மற்றவர்கள் முடிப்பதற்காக உண்டியல் தூக்கினார். படிப்பு தேவையில்லை என்று நினைத்தவர் செய்யும் வேலையா அது?

அதே 1945இல்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றாகிவிட்ட பிறகு தனியாக ஒரு நிதியம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். படிப்பித்தவர்களுக்குப் பதில் தெரியும். கட்டணம் இல்லாவிட்டாலும் அக்கரைப்பற்றுப் பிள்ளை கொழும்பில் தங்க வேண்டும். சாப்பிட வேண்டும். புத்தகம் வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உழைத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை படிக்கிறது. அந்த உழைப்பை இழப்பதும் ஒரு செலவுதான். ஏழை வீட்டில் அதுதான் பெரிய செலவு. இலவசக் கல்வி திறந்த கதவுக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இடையே இருந்த தூரத்தை இந்த நிதியம் குறைத்தது. அதன் உதவியால் படித்து வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் வந்தவர்கள் பலர்.

1948இல் அவர் இன்னொரு தடவை விட்டார். இந்தமுறை விட்டது சிவில் சேவையை. ரீ.பி. ஜாயா அவர்களுக்குப் பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டது. வயது 36, முன்னால் எவ்வளவோ பதவி உயர்வு காத்திருந்தது. எல்லாவற்றையும் வைத்துவிட்டு மருதானைக்கு வந்து பாடசாலை அதிபர் நாற்காலியில் அமர்ந்தார். சிவில் சேவையில் இருந்து பாடசாலைக்கு இறங்கி வந்தார் என்று அப்போதும் சிலர் நினைத்திருப்பார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்த இறங்கி என்ற சொல் பிடிக்காது.

1961 வரை பதின்மூன்று வருடம். ஸாஹிராவின் பொற்காலம் என்று பழைய மாணவர்கள் சொல்வது இந்தக் காலத்தை. முஸ்லிம் பிள்ளைகளோடு தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பிற்காலத்தில் பேராசிரியராகத் தமிழுலகம் முழுவதும் அறியப்பட்ட கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிரா மாணவர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்த ம.மு. உவைஸ் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பை முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். 1953இல் அந்த ஆய்வைக் கல்ஹின்னை தமிழ் மன்றம் நூலாக்கியது. ஒரு மலைநாட்டுக் கிராமத்து மன்றம் ஒரு முதுமாணி ஆய்வேட்டை அச்சிட்ட காலம் இருந்தது. இன்று எத்தனை முதுமாணி ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகத்து மூலையில் தூசு பிடித்துக் கிடக்கின்றன.

1952 முதல் 1963 வரை அவர் செனட் சபை உறுப்பினர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது எதிர்த்துப் பேசினார். 1963இல் இலங்கையில் இஸ்லாம் நூல் வெளிவந்தது. மிஸ்ரின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள், தமிழ் யாத்திரை என்று பயண நூல்களும் எழுதினார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுக்கு இலங்கை முஸ்லிம் சமூகத்தைப் பற்றி, குறிப்பாக 1880களை மையமாக வைத்து, ஆய்வுக் கட்டுரை வழங்கினார். சித்தி லெப்பையின் காலம் அது. கேம்பிரிட்ஜில் பாதியில் நின்ற வரலாற்று மாணவன் முப்பது வருடம் கழித்து அங்கே பேசுகிறான் என்று எனக்குத் தோன்றும். 1973 நவம்பர் 24இல் வபாத்தானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. வாங்குவதற்கு அவர் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் படித்த ஒரு பிள்ளை, பட்டம் முடித்து வந்திருக்கிறது. நல்ல சித்தி. முதுமாணி படிக்க வேண்டும் என்று ஆசை. வாப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். டீச்சர், படிக்கவா, வேலை தேடவா என்று கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டது. உம்மாவின் காப்பை அடகு வைப்பதா, வங்கியில் கடன் எடுப்பதா என்றும் கேள்வி. வங்கிக் கடன் என்றால் வட்டி. வாப்பா அதற்கு உடன்படமாட்டார். உடன்படக் கூடாது என்பதே என் அபிப்பிராயமும்.

அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி? கலாசாலைச் சான்றிதழோடு இருபது வருடம் படிப்பித்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து இரண்டாம் வருடத்தில் நிற்கிறேன். பரீட்சைக் கட்டணம் ஆசிரியர் அறைச் சீட்டுக் காசில் போகிறது. என் பிள்ளை சாதாரண தரத்துக்குப் படிக்கும் மேசையின் மறுபக்கத்தில் நான் படிக்கிறேன். ஆகவே தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

முதலில், எதற்கு முதுமாணி என்று ஒரு தாளில் எழுதிப் பார் மகள் என்றேன். பெயருக்குப் பின்னால் எழுத்து வேண்டும் என்றால், அல்லது கல்யாணப் பேச்சுக்கு நல்லது என்றால், உம்மாவின் காப்பு கையிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்றால் அது வேறு. அதற்கு முதுமாணி இல்லாமல் வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களே அதிகம். அவர்கள் முதலில் வேலைக்குப் போய், வார இறுதி வகுப்பாக நடக்கும் முதுமாணியைச் சம்பளத்தில் கட்டிப் படிப்பது நல்லது. முதற்பட்டம் இலவசம் என்ற பழக்கத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, உள்நாட்டில் முதுமாணிக்கு இலட்சக் கணக்கில் கட்டணம் கேட்கும்போதுதான் கண் திறக்கிறது.

வெளிநாடு என்றால் ஒரு விடயத்தில் நான் பிடிவாதம். முழுச் செலவும் தரும் புலமைப்பரிசில் இல்லாமல் போகாதே என்றேன். அஸீஸ் போனதும் அப்படித்தான். 1959இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தருகிறது. ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. முடித்தபின் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்குத் தரும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உரியது. பாருங்கள், செவனிங்கின் நிபந்தனையே வேலைக்குப் போ, பிறகு படிக்க வா என்கிறது. படிப்பா வேலையா என்று அந்தப் பிள்ளை கண்ணீர் விட்டுக் கேட்ட கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. இரண்டு வருடம் உழைத்துத் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மற்றப் பாதி எங்கள் கையில் இருக்கிறது. அதாவது சமூகத்தின் கையில். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983 முதல், அங்கத்துவம் இல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமூகங்களின் மாணவர்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறது. பட்டப்படிப்புக்கான அந்தப் பணம் சமூகத்துக்கு நன்கொடை, மாணவருக்கு வட்டியில்லாக் கடன். படித்து முடித்து உழைக்கும்போது மாணவர் திருப்பிச் செலுத்துவது வங்கிக்கு அல்ல, அந்த ஊர் நம்பிக்கை நிதியத்துக்கு. அந்தக் காசில் அடுத்த பிள்ளை படிக்கும். இந்தக் கணக்கு ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு விளங்காத பெரிய கணக்கு இல்லை. ஒரு மஹல்லாவில் பத்துப் பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரேயொரு முதுமாணி மாணவருக்குக் கர்ழ் ஹஸனா கொடுத்தால் போதும். எழுத்தில் உடன்படிக்கை, இரண்டு சாட்சி, வேலை கிடைத்து ஆறு மாதத்தில் தவணை தொடக்கம். கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஒரு இரவுச் செலவு இதைவிடக் கூட. ஸகாத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஏழை மாணவருக்குக் கொடுப்பதில் ஆலிம்கள் சொன்னவை இருக்கின்றன. அவர்களிடமே கேட்டுக்கொள்வது முறை. நான் சொல்வது ஸகாத்தைத் தொடாமலே செய்யக்கூடிய கடன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்படிக் கடன் வாங்கிப் படித்த பலர் திருப்பிக் கொடுக்காமல் விட்டதால் ஊர் நிதியங்கள் வற்றிப்போயின என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பொருத்தமான வேலை கிடைக்காதவரைக் குறை சொல்ல முடியாது. வேலை கிடைத்தும் மறந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைதான் அந்த மறதிக்கு விலை கொடுக்கிறது. 1945இல் காசு கொடுத்த வியாபாரிகளில் பலர் தாங்கள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். தங்களுக்குக் கிடைக்காத ஒன்றுக்காக அவர்கள் கொடுத்தார்கள்.

என் மாணவி வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறது. ஆங்கிலப் பரீட்சைக்கும் படிக்கிறது. செவனிங்குக்கும் மௌலானா ஆசாத்துக்கும் கேட்கும் ஆவணங்களை ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, அதைத் திருத்தவே இரண்டு மாதம் எடுக்கும் போலிருக்கிறது. உம்மாவின் காப்பு இன்னும் அடகுக்குப் போகவில்லை. உள்நாட்டில் இடம் கிடைத்தால் முதல் தவணைக் கட்டணத்துக்காகப் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கடன் என்று எழுதுவேன், உதவி என்று எழுதமாட்டேன்.